சிவப்புப் பூ விளக்கும் ஒண்ணுமில்லீங்க பங்காருவும்

துடியலூரில், மேட்டுப்பாளையம் சாலை ஓரத்தில் பங்காரு வைத்திருந்த பட்டறைக்குப் பெயர்ப்பலகை ஒன்று உண்டு. ஆட்டோ எலக்ட்ரிகல்ஸ் என்று அதில் எழுதியிருந்ததை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. ஊரில் அதற்கு 'ஒண்ணுமில்லீங்க கடை' என்றுதான் பெயர்.

காரணம் எளிது. வண்டியில் எந்தக் கோளாறைச் சொன்னாலும், சொல்லி முடிப்பதற்குள் பங்காரு "அது ஒண்ணுமில்லீங்க" என்று ஆரம்பித்துவிடுவார். செல்ஃப் எடுக்கவில்லையா, ஒண்ணுமில்லீங்க. ஹாரன் தானாகவே அலறுகிறதா, அதுவும் ஒண்ணுமில்லீங்க. ஒரு தடவை பானட்டுக்குள்ளிருந்து புகை வர வரத் தள்ளிக்கொண்டு வந்த காரைப் பார்த்தும் அதையே சொல்லிவிட்டுத்தான் மண் அள்ளிப் போட ஓடினார்.

கொங்குநாட்டில் 'ங்க' சேர்த்துவிட்டால் எதை வேண்டுமானாலும் யாரிடமும் சொல்லிவிடலாம். 'தெரியாது' என்பதை மட்டும் பங்காருவால் 'ங்க' சேர்த்தும் சொல்ல முடிந்ததில்லை. இதைத் தன்னடக்கம் என்று வாடிக்கையாளர்கள் எடுத்துக்கொண்டார்கள். தலைக்கனம் என்று அவர் மனைவி கனகம் எடுத்துக்கொண்டாள். கனகம் சொன்னதுதான் உண்மைக்குக் கொஞ்சம் பக்கத்தில் இருந்தது. அவரைப் பெரிய கெட்டிக்காரர் என்று சொல்லிவிட முடியாது. மோசமும் இல்லை. அவர் தொட்ட வண்டிகளில் முக்கால்வாசி சரியாகும். மீதியெல்லாம் வேறு பட்டறையில் சரியாகும்.

அப்படிப்பட்டவரைத்தான் கோழிப்பண்ணைக்காரர் காளிச்சாமியின் ஜப்பான் கார் சோதித்துப் பார்த்தது.

காளிச்சாமியின் பண்ணை பல்லடத்துப் பக்கம். மகள் புவனா கோயமுத்தூரில் கல்லூரியில் படிப்பதற்காகத் துடியலூரில் வீடு கட்டிக் குடிவந்திருந்தார். தொண்ணூற்று மூன்றிலோ நான்கிலோ மெட்ராசில் ஓர் ஏலத்தில் அந்த வெள்ளைக் காரை எடுத்தார். ஜப்பான்காரர்கள் தாங்கள் ஓட்டுவதற்கென்றே செய்துகொண்ட கார் அது. எல்லாவற்றுக்கும் பொத்தான், எல்லாப் பொத்தானிலும் ஜப்பான் எழுத்து. ஸ்பீடு மீட்டருக்குக் கீழே சின்னதாகச் சிவப்பு விளக்கு ஒன்று. அதன் மேல் மூன்று எழுத்துகள், பக்கத்தில் பக்கத்தில் கட்டிய மூன்று குருவிக்கூடு போல. சாவியைத் திருப்பினால் மற்ற விளக்குகளோடு சேர்ந்து அதுவும் ஒரு கணம் எரிந்து அணையும். அது வழக்கம். ஆனால் ஒரு நாள் நடுச்சாலையில், தானாக, தனியாக எரிந்தது.

"அது ஒண்ணுமில்லீங்ணா, ஹேண்ட் பிரேக் லைட்டு," என்றார் பங்காரு.

ஹேண்ட் பிரேக்குக்கு வேறு விளக்கு இருப்பதைக் காளிச்சாமி காட்டினார்.

"அப்ப ஆயிலுங்."

ஆயிலுக்கும் வேறு இருந்தது. பங்காரு சற்று யோசித்துவிட்டு, ஜப்பானில் பனி கொட்டும் என்றும், பனி கொட்டினால் எரிவதற்காக வைத்த விளக்கு அது என்றும் சொன்னார்.

"கெணத்துக்கடவுல எப்பப் பனி கொட்டுச்சுன்னு எரிஞ்சுது?" என்று கேட்டார் காளிச்சாமி.

கிணத்துக்கடவைத் தாண்டிப் பொள்ளாச்சிக்குப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அது எரிந்திருந்தது. புவனாவுக்கு வந்த முதல் வரன் அது. மாப்பிள்ளை வீடு பார்க்கக் காளிச்சாமி, அவர் மனைவி பாப்பாயி, பாப்பாயியின் அண்ணன் சென்னியப்பன் ஆகிய மூவரும் போனார்கள். சென்னியப்பன் காரமடைக்காரர். பெண்ணுக்குத் தாய்மாமன் என்பதால் முன்சீட்டு அவருக்கு உரியது. அதை அவருக்கு யாரும் கொடுக்கவில்லை, அவரும் கேட்கவில்லை, வண்டிக் கதவைத் திறந்தால் அவர் அங்கே இருப்பார். வாழைத்தோட்டத்துக்குள் வந்த ஒற்றை யானையை டார்ச் வெளிச்சத்தில் நிறுத்தி அதட்டி அனுப்பியவர் என்று அவரே பல தடவை சொல்லியிருக்கிறார்.

விளக்கு எரிந்ததும் பாப்பாயி, "ஏனுங்க, செவப்புப்பூ வந்துருச்சுங்," என்றார்.

அவர் அம்மன் கோயிலில் பூ கேட்டுப் பழகியவர். வெள்ளைப்பூவை ஒரு பொட்டலத்திலும் சிவப்புப்பூவை ஒரு பொட்டலத்திலும் மடித்துச் சாமி முன்னால் போட்டு, ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் ஆகும், சிவப்பு வந்தால் ஆகாது. தறி போடுவது, கிணறு வெட்டுவது, பெண் கொடுப்பது எல்லாவற்றுக்கும் அப்படித்தான். காருக்குள்ளேயே சிவப்பு வந்தபிறகு மேலே போவதற்கு யாருக்கும் தைரியம் இல்லை. திரும்பிவிட்டார்கள். அடுத்த மாதம், அந்த மாப்பிள்ளைக்கு ஆழியாறில் ஏற்கெனவே ஒரு குடும்பம் இருப்பதாகத் தகவல் வந்தது. பாப்பாயி காருக்குச் சூடம் காட்டினார்.

இரண்டாவது வரன் கோபியில். அன்னூரைத் தாண்டுவதற்குள் விளக்கு எரிந்தது. திரும்பிவிட்டார்கள். அந்த மாப்பிள்ளையைப் பற்றிக் கெட்டதாக எதுவும் காதுக்கு வரவில்லை. "கேள்விப்படறதுக்கு முன்னாலயே தப்பிச்சுக்கிட்டோம்" என்றார் பாப்பாயி. நிரூபணம் கிடைத்தால் அது சாட்சி, கிடைக்காவிட்டால் அதைவிடப் பெரிய சாட்சி. இப்படிப்பட்ட நம்பிக்கையை எந்தத் தத்துவமும் இதுவரை அசைத்ததில்லை. ஒரு திருப்புளியால் முடியுமா என்பதே மிச்சமிருந்த கேள்வி.

கேள்வியைக் கொண்டுவந்தவள் புவனா. ஒரு நாள் மத்தியானம் மொபெட்டைப் பட்டறை வாசலில் நிறுத்திவிட்டு, துப்பட்டாவால் நெற்றியைத் துடைத்துக்கொண்டாள்.

"ஏனுங்ணா, வர்ற ஞாயித்துக்கெழமை அந்த லைட்டு எரியக் கூடாதுங்."

"அது ஒண்ணுமில்லீங்க அம்மணி. பல்பைப் புடுங்கிப்போட்டா..."

"வெடியால சாவி போட்டதும் அப்பா அதைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கறாருங். ஒரு நாள் எரியலைன்னா ஊரைக் கூட்டிருவாரு. சாவி போட்டா எரியோணும். ரோட்டுல எரியக் கூடாது."

"அப்ப உங்களுக்கு வேண்டியது கெட்டுப்போகாத லைட்டு."

"அதைத்தானுங்ணா மொதல்ல எங்கப்பா உங்ககிட்டக் கேட்டாரு."

விஷயம் இதுதான். ஞாயிற்றுக்கிழமை போகவிருந்தது ஈரோட்டுக்கு. மாப்பிள்ளை எழில், மஞ்சள் மண்டிக்காரர் மகன், அவள் கல்லூரியிலேயே மேல்வகுப்பில் படித்தவன். அவனை அவளுக்குப் பிடித்திருந்தது. அது வீட்டில் யாருக்கும் தெரியாது. தரகர் தாமாகவே கொண்டுவந்த வரன் என்றுதான் எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள், தரகர் உட்பட.

"அந்த லைட்டை நம்ப வெச்சதே நீங்கதான்னு பேசிக்கறாங்களே அம்மணி?" என்றார் பங்காரு.

புவனா மொபெட்டின் கைப்பிடியைப் பார்த்தாள். "பொள்ளாச்சிக்காரன் வேண்டாம்னு இருந்துச்சுங்ணா. அம்மா திரும்பி வந்து செவப்புப்பூன்னு சொன்னப்ப, ஆமாம்மா, பூக் கேக்கறதுக்குக் கோயிலுக்குத்தான் போகோணுமா, போற வழியிலயே சாமி சொல்லுது பாருன்னு ஒரு வார்த்தை சொல்லிப்போட்டேன். இப்ப அதுவே எனக்கு வந்து நிக்குது. எரிஞ்சா அவ்வளவுதான், ஈரோடு முடிஞ்சுது." பிறகு நிமிர்ந்து, "அந்த லைட்டு எதுக்குன்னு உங்களுக்கு நெசமாத் தெரியுமுங்களா?" என்றாள்.

"அது ஒண்ணு..." என்று ஆரம்பித்த பங்காரு, வாழ்க்கையில் முதல் தடவையாகப் பாதியில் நிறுத்தினார்.

அன்று பொழுதோடு, சாவி போட்டுப் பார்க்கும் சாக்கில் காளிச்சாமியின் வாசலுக்குப் போய், மூன்று எழுத்தையும் உள்ளங்கையில் பால்பாயிண்ட் பேனாவால் வரைந்துகொண்டு வந்தார்.

"என்னங்க அது, மருதாணியா?" என்றாள் கனகம்.

"ஜப்பான் பாஷை."

"ஆயிலுன்னு எழுதியிருக்குதா, பனின்னு எழுதியிருக்குதா?"

பங்காரு சட்டையை மாட்டிக்கொண்டார். பக்கத்து மில்லில் புதிதாக வந்திறங்கிய மெஷினைப் பூட்டுவதற்கு ஜப்பானிலிருந்து ஓர் இன்ஜினியர் வந்து தங்கியிருந்தார். மில் வேனுக்கு டைனமோ பார்த்தவர் என்பதால் வாட்ச்மேன் பங்காருவை உள்ளே விட்டார். இன்ஜினியர் விருந்தினர் விடுதி வராந்தாவில் இளநீர் குடித்துக்கொண்டிருந்தார். பங்காரு கையை நீட்டினார். வியர்வையில் ஓரிரு கோடு அழிந்திருந்தது. இன்ஜினியர் கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு, அந்தக் கையை இரண்டு கைகளாலும் பிடித்து, இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தார்.

"எனக்கும் சித்த பாக்கச் சொல்லுங்க," என்று வாட்ச்மேன் பின்னாலிருந்து தன் கையை நீட்டினார். "என்ற பையனுக்கு வேலை எப்பக் கெடைக்குமுன்னு."

இன்ஜினியருக்குச் சட்டென்று புரிந்தது. சிரித்தார். எழுந்து, அங்கே நின்ற மில் வேனின் பின்பக்கம் போய் சைலன்சர் குழாயைக் காட்டினார். வாயைக் குவித்து "பூ, பூ" என்று ஊதினார். குழாயை ஒரு விரலால் தொடப்போய், சுட்டதுபோல் விரலை உதறினார். "டெம்பரேச்சர்! ஹாட்!"

"சைலன்சருக்குள்ள தேள் இருக்குதாம்," என்றார் வாட்ச்மேன்.

இன்ஜினியர் விடவில்லை. சுவரோரம் காய்ந்து கிடந்த புல்லை ஒரு பிடி பிடுங்கி, வேனுக்கு அடியில் போட்டு, பத்து விரல்களையும் ஆட்டிக் குபுகுபுவென்று நெருப்பு எழும்புவதாகக் காட்டினார். பங்காருவுக்கு இப்போது முழுவதும் விளங்கிவிட்டது. வெளியே போகும் புகை அளவுக்கு மீறிச் சூடானால் எரிகிற விளக்கு. புகைக்குழாயில் எங்கோ சூட்டை அளக்கிற சென்சார் ஒன்று இருக்க வேண்டும். காய்ந்த புல்லின் மேல் நிறுத்தாதே என்பதற்காக வைத்தது. பனிக்கும் அதற்கும் எவ்வளவு தூரம் என்று நினைத்தபோது அவருக்கே சற்று வெட்கமாக இருந்தது. வாட்ச்மேனிடம் மட்டும், "நான் நெனச்சது சரிதானுங்க," என்று சொல்லிவிட்டு வந்தார்.

அடுத்த நாள் புவனா, பங்காரு சொல்லிக் கொடுத்தபடி, ஹாரன் ஒயரைப் பிடுங்கி வைத்தாள். காளிச்சாமி காரைக் கொண்டுவந்து விட்டார்.

"ஹாரனை மட்டும் பாரு பங்காரு. லைட்டுப் பக்கம் கை வெச்சுப்போடாதே."

"அது ஒண்ணுமில்லீங்ணா, நீங்க போயி ஒரு டீ குடிச்சுட்டு வாங்க."

காளிச்சாமி டீக்கடையில் செய்தித்தாளை விரித்ததும் பங்காரு காருக்கு அடியில் நுழைந்தார். குழாயில் திருகியிருந்தது சென்சார். விரல் நீள ஊசி, அதிலிருந்து இரண்டு ஒயர்கள், அவை தரைத்தகட்டைத் துளைத்துக்கொண்டு காருக்குள் போயின. சென்சாரைக் கழற்றிக்கொண்டு பட்டறைக்குப் பின்னால் இருந்த வீட்டுக்கு ஓடி, கரண்ட் பார்க்கிற மீட்டரை மாட்டி, ஊசியை அடுப்பில் காட்டினார்.

"தோசைக்கல்லை எடுத்துப்போட்டு என்னத்தைங்க வாட்டறீங்க?"

"ஜப்பான் கத்திரிக்காய்."

"உப்பு வேணுமுங்களா?"

சூடு ஏற ஏற மீட்டர் முள் ஒழுங்காக நகர்ந்தது. ஆற ஆற ஒழுங்காகத் திரும்பியது. பங்காரு முள்ளை முறைத்துப் பார்த்தார். குற்றவாளி என்று இழுத்து வந்தவன் நல்லவனாக இருந்துவிட்டால் போலீஸ்காரருக்கு வருகிற எரிச்சல் அவருக்கு வந்தது. பிறகு சும்மா, இரண்டு ஒயர் முனைகளையும் ஒன்றோடொன்று தொட வைத்தார். முள் துள்ளி, அடுப்பில் காட்டியபோது போகாத கோடிக்கே போய் நின்றது.

"கனகம், இது கெடலை. ஒயர் ரெண்டும் எங்கியோ ஒண்ணை ஒண்ணு தொடுது. தொட்டா வண்டி அதை ஏகப்பட்ட சூடுன்னு நெனச்சுக்குது."

"எங்க தொடுது?"

"அது ஒண்ணுமில்லே..."

"தெரியலைன்னு அர்த்தம். ஒயரைக் கழட்டியே உட்டுருங்க. ஈரோடு போயிட்டு வந்து மாட்டிக்கலாம்."

அது எளிய வழிதான். ஆனால் ஈரோட்டுச் சாலை நெடுக அப்போது கொள்ளுக்கொடியைக் காயப்போட்டு, வண்டிச் சக்கரத்தில் மிதிபட விட்டிருந்தார்கள். ஜப்பான்காரரின் பத்து விரல்களும் பங்காருவின் கண் முன்னால் ஆடின. நிஜமாகவே சூடேறி, விளக்கு வாயை மூடிக்கொண்டு, வண்டி அந்தக் கொடியின் மேல் நின்றால்? பெண்ணின் நன்மைக்காகப் பெண்ணைப் பெற்றவர்களைக் கொளுத்துவது அவ்வளவு நல்ல வேலையாக அவருக்குத் தோன்றவில்லை. சென்சாரைத் திரும்ப மாட்டினார். கண்ணுக்குத் தெரிந்த மட்டும் ஒயரைத் தடவினார். பழுதில்லை. ஹாரனை அடித்துக் காட்டிக் காரை அனுப்பிவைத்தார். ரோட்டில் ஓட்டினாலும் எரியாத விளக்கு, மாப்பிள்ளை வீட்டுக்குப் போனால் மட்டும் எரிகிறது. ஒயருக்கு ஜாதகம் தெரியுமா என்ன?

சனிக்கிழமை அதற்கு வழி பிறந்தது. காளிச்சாமி கோழித்தீவன லாரியோடு பல்லடம் போயிருந்தார். மறுநாள் பயணத்துக்காகச் சென்னியப்பன் காரமடையிலிருந்து வந்து இறங்கியிருந்தார். தட்டுக்குப் பூவும் வெற்றிலையும் வாழைப்பழமும் வாங்கி வரவேண்டும். "பங்காரு அண்ணன் கார் ஓட்டட்டும், மாமன் பாத்து வாங்கிட்டு வரட்டும்," என்று புவனா ஏற்பாடு செய்தாள். சென்னியப்பன் முன்சீட்டில் ஏறி, மீசையை ஒதுக்கிவிட்டுக்கொண்டார். வண்டி கிளம்பியது.

மெதுவாகப் போனவரை விளக்கு எரியவில்லை. கவுண்டம்பாளையத்துக்கு முன்னால் சாலை காலியாக இருந்தது. பங்காரு அழுத்தினார். சிவப்பு விளக்கு பளிச்சென்று எரிந்தது.

"பாரு பங்காரு! பூ வாங்கறதுக்கே ஆகாதுங்குது!"

பங்காரு வேகத்தைக் குறைத்தார். விளக்கு உடனே அணைந்தது. சூட்டில் சிவந்த இரும்பு இப்படிக் கண் மூடித் திறப்பதற்குள் ஆறாது. மறுபடி அழுத்தினார், எரிந்தது. குறைத்தார், அணைந்தது. அப்போது எதிரே ஒரு பஸ் வந்தது. அவர் வேகத்தை ஏற்றவே இல்லை. ஆனாலும் எரிந்தது. பஸ் கடந்ததும் அணைந்தது.

பங்காரு விளக்கைப் பார்ப்பதை விட்டுவிட்டு, ஓரக்கண்ணால் கீழே பார்த்தார்.

"ஏனுங்கய்யா, அந்த யானைக் கதையைச் சித்த சொல்லுங்க."

"அதா? வாழைத்தோட்டத்துல நின்னுச்சு பாரு, மலையாட்டம். நான் டார்ச்சைப் போட்டேன். கொஞ்சங்கூட..." வண்டி ஒரு லாரியைத் தாண்டத் தொடங்கியது. "கொஞ்சங்கூட..." கதை அங்கேயே நின்றது. சென்னியப்பனின் வலது கால் தரையை ஓங்கி மிதித்தது, அங்கே ஒரு பிரேக் இருப்பதைப்போல. விளக்கு எரிந்தது. லாரி பின்னால் போனது. கால் தளர்ந்தது, விளக்கு அணைந்தது. "...கொஞ்சங்கூடப் பயப்படலை," என்று கதை மேலே போனது.

பங்காருவுக்கு விளையாட்டுப் புத்தி வந்துவிட்டது. பூமார்க்கெட் போய்ச் சேரும்வரை ஒரு சைக்கிளையும் ஒரு மாட்டுவண்டியையும் ஒதுக்காமல் உரசப்போனார். விளக்கு எரிந்தும் அணைந்தும் தாளம் போட்டது. யானை தோட்டத்தை விட்டு வெளியேறவே முடியவில்லை. அந்தச் சென்சார் அளந்தது புகையின் சூட்டையல்ல, தாய்மாமனின் பயத்தை. அளவில் துளிகூடப் பிழையில்லை.

திரும்பி வரும்போது ஒரு புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தி, இறங்கி வந்து, இடப்பக்கக் கதவைத் திறந்தார். சென்னியப்பனை இறங்கச் சொன்னார். கால் வைக்கும் இடத்தில் கார்பெட்டில் ஒரு குதிகால் அளவுக்கு ரோமம் தேய்ந்து வழுக்கையாகியிருந்தது. கார்பெட்டைத் தூக்கினார். அதற்கு நேர் கீழே, தகட்டு விளிம்பில் அந்த இரண்டு ஒயர்களும் நசுங்கித் தோல் உரிந்து கிடந்தன. விரலால் அழுத்தினார். விளக்கு எரிந்தது. விரலை எடுத்தார். அணைந்தது.

சென்னியப்பன் ஒயரைப் பார்த்தார். கார்பெட்டின் வழுக்கையைப் பார்த்தார். தன் வலது காலைப் பார்த்தார். அவர் முட்டாள் இல்லை.

"பங்காரு."

"சொல்லுங்கய்யா."

"இங்கெ எலி கடிச்சிருக்குது."

"எலிங்களா?"

"எலிதான்."

"எலி செருப்புப் போட்டிருக்குதுங்கய்யா."

சென்னியப்பன் கையில் வைத்திருந்த பூப்பொட்டலத்தைக் கைமாற்றிக்கொண்டார்.

"அந்த எலி பேரை எங்கயும் சொல்லிப்போடாதே கண்ணு."

"சொல்ல மாட்டேனுங்க. ஒயரை ஒட்டினதை நீங்களும் சொல்லக் கூடாதுங்க. சொன்னா, சாமி வாயை அடைச்சுப்போட்டோம்னு அவரு வேற பூக் கேக்கப் போயிருவாரு. அம்மணிக்கு அந்தப் பையனைப் புடிச்சிருக்குதுங்."

"அது எனக்கும் தெரியும். தாய்மாமனுக்குத் தெரியாம என்ன?" என்றார் சென்னியப்பன். தெரிந்திருக்க வாய்ப்பில்லை. பிறகு, "அப்ப கோபி மாப்பிள்ளையைக் கெடுத்தது என்ற காலா?" என்றார்.

"பொள்ளாச்சியில காப்பாத்துனதும் அதுதானுங்க."

"ஆமா. அதையும் சேத்துக்க."

பங்காரு இரண்டு ஒயரையும் தனித்தனியாக டேப் சுற்றி, பிளாஸ்டிக் குழாய்க்குள் நுழைத்து, கால் படாத ஓரத்துக்குத் தள்ளிக் கட்டினார். கார்பெட்டை மூடியபின் சென்னியப்பனை உட்கார வைத்து மிதிக்கச் சொன்னார். அவர் யானையை மிதிப்பதுபோல் மிதித்தார். விளக்கு எரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில், "தூரம் ஜாஸ்தி மாப்ள, பங்காரு ஓட்டட்டும்," என்று சென்னியப்பன் சொன்னார். காளிச்சாமியும் பாப்பாயியும் பின்சீட்டில். சாவியைத் திருப்பியதும் சிவப்பு எரிந்து அணைந்தது. காளிச்சாமி எட்டித் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். வாசலில் நின்ற புவனா பங்காருவைப் பார்த்த பார்வையில் வணக்கமும் மிரட்டலும் சரிபாதியாக இருந்தன.

அவிநாசி தாண்டியது. சாலையில் கொள்ளுக்கொடி வந்த இடங்களில் பங்காரு ஒதுங்கி ஓட்டினார். பெருந்துறை இறக்கத்தில் இரண்டு லாரிகள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு எதிரே வந்தன. சென்னியப்பனின் கால் தன் வேலையைச் செய்தது. பின்சீட்டில் இரண்டு தலைகள் முன்னால் நீண்டன. நான்கு கண்களும் ஸ்பீடு மீட்டருக்குக் கீழே நிலைத்தன. இருட்டாகவே இருந்தது.

"வெள்ளைப்பூ," என்று பாப்பாயி மெல்லச் சொன்னார். பிறகு, "ஏனுங்ணா, காலை எதுக்கு அப்படி ஊனறீங்க?" என்று கேட்டார்.

"மரத்துப்போச்சு அம்மணி."

காளிச்சாமிக்கு மட்டும் ஏதோ உறுத்தியது. கோழி வியாபாரிக்கு எல்லாத் தராசின் மேலும் ஒரு கண் இருக்கும்.

"பங்காரு, நெசத்தைச் சொல்லு. லைட்டுல ஏதாச்சும் பண்ணிப்போட்டியா?"

பண்ணினேன் என்றால் அந்த இடத்திலேயே வண்டி திரும்பும். இல்லை என்றால் பொய். பக்கத்தில் சென்னியப்பன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, இல்லாத பிரேக்கை மிதித்தார்.

"அது ஒண்ணுமில்லீங்ணா," என்றார் பங்காரு.

காளிச்சாமி நிம்மதியாகச் சாய்ந்துகொண்டார். வருஷக்கணக்காகக் கேட்டு அலுத்துப்போன சொல். அதற்குள் எதையும் தேடிப் பார்க்க யாருக்கும் தோன்றுவதில்லை. ஒரு சொல்லைத் தேய்த்துத் தேய்த்து அர்த்தமே இல்லாமல் பண்ணிவைத்தால், என்றைக்காவது அது பொய்யும் ஆகாமல் உண்மையும் ஆகாமல் ஒரு பெண்ணின் கல்யாணத்தை முடித்து வைக்கும் என்று பங்காரு திட்டமிட்டிருக்க முடியாது. ஈரோட்டில் வெற்றிலை மாற்றிக்கொண்டார்கள். ஆவணியில் கல்யாணம் நடந்தது. முகூர்த்தத்துக்கு முன்னால் புவனா மணவறையிலிருந்தே பங்காருவைத் தேடிப் பிடித்துப் பார்த்து, ஒரு கண்ணை மட்டும் மூடித் திறந்தாள்.

பங்காருவுக்கு வந்த சங்கடம் அதற்குப் பிறகுதான். ஆயுளில் ஒரே ஒரு கோளாறை, சந்தேகத்துக்கு இடமில்லாமல், ஆதி முதல் அந்தம்வரை கண்டுபிடித்திருந்தார். அதை மட்டும் யாரிடமும் சொல்ல முடியவில்லை. கனகத்திடம் 'முன்சீட்டுக்குக் கீழ எலி' என்று மட்டும் சொன்னார். அவள் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, "எத்தனாம் நம்பர் செருப்பு?" என்று கேட்டாள்.

தைக்கு அப்புறம் ஒரு நாள் அந்த வெள்ளைக் கார் பட்டறைக்கு வந்தது. காளிச்சாமி கவலையோடு இறங்கினார். முன்சீட்டில் சென்னியப்பன் எதிர்க்கடையின் கூரையை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"பங்காரு, லைட்டு கெட்டுப்போச்சப்பா. அவிநாசிப் பக்கம் ஒரு தோட்டம் வாங்கலாமுன்னு நாலு எடம் சுத்திப் பாத்தோம். மச்சானையும் ஒட்டுக்காக் கூட்டிக்கிட்டுத்தான் போனேன். நல்லதா கெட்டதான்னு ஒண்ணும் சொல்ல மாட்டேங்குது. சாவி போட்டா எரியுது, ரோட்டுல எரியவே மாட்டேங்குது. என்னாச்சுன்னு பாரு. பழையபடி பேசற மாதிரிப் பண்ணிக் குடு."

பங்காரு குனிந்து விளக்கைப் பார்த்தார். மூன்று குருவிக்கூடு. இப்போது அவருக்கு அவற்றைப் படிக்கக்கூடத் தெரியும். 'அது ஒண்ணுமில்லீங்க' என்று சொன்னால், சரி, அப்ப உடனே பண்ணு என்பார் காளிச்சாமி. காரின் உள்ளிருந்து சென்னியப்பன் கூரையை விட்டுவிட்டு அவரைப் பார்த்தார். யானை நேரில் வந்திருந்தால்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டார்.

பங்காரு நிமிர்ந்தார். தொண்டையைக் கனைத்தார்.

"எனக்குத் தெரீலீங்ணா."

காளிச்சாமி செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். காருக்கு முன்னால் வந்து நின்று, இரண்டு கைகளையும் தலைக்கு மேல் கூப்பினார்.

"கேட்டீங்களா மச்சான்? பங்காருவுக்கே தெரியலையாம். அப்ப வந்தது சாமியேதான்."